பொடியில் இருப்பதைக் கரைசலுக்குக் கொண்டுவருவது எப்படி? முருங்கை இலையை வைத்து ஓர் எளிய விளக்கம்

இரண்டு டம்ளர் எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் முருங்கை இலைப் பொடி போடுங்கள். ஒன்றில் வெந்நீர் ஊற்றுங்கள், மற்றதில் இளஞ்சூடான தேங்காய் எண்ணெய். கால் மணி நேரம் கழித்து, நெருக்கமாக நெய்த வெள்ளைத் துணியை நான்காக மடித்து இரண்டையும் தனித்தனியாக வடிகட்டிப் பாருங்கள். தண்ணீர் மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்தில் இறங்கும். எண்ணெய் பச்சையாக இறங்கும். தலைக்குத் தேய்க்கக் கரிசலாங்கண்ணி போட்டு எண்ணெய் காய்ச்சியவர்களுக்கு அந்தப் பச்சை பழக்கமானதுதான்.

பொடி ஒன்றுதான். ஊற்றிய திரவம் மாறியதும் வெளியே வந்த பொருளும் மாறிவிட்டது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லவருவதும் இதைத்தான். தாவரப் பொடியிலிருந்து ஆன்டிஆக்ஸிடன்ட் எடுப்பது என்றால், இலையில் உள்ள நல்லதையெல்லாம் ஒரேயடியாகப் பிழிந்து எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நாம் ஊற்றும் திரவம் தனக்கு ஒத்ததை மட்டும் கூட்டிக்கொண்டு வரும், மற்றது சக்கையிலேயே தங்கிவிடும். இது மனதில் பதிந்துவிட்டால், ஆய்வகத்தில் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் காரணம் தானாகப் புரியத் தொடங்கும்.

முதலில் ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக இருக்கும். ஏதோ காரணத்தால் ஒன்றுக்கு ஜோடி இல்லாமல் போனால் அந்த மூலக்கூறு நிலைகொள்ளாது. பக்கத்தில் இருப்பதிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும். பறிகொடுத்தது தன் பங்குக்கு அடுத்ததிடம் பிடுங்கும். இப்படி ஜோடி இழந்து அலைவதை ஃப்ரீ ராடிக்கல் என்கிறோம். திறந்து வைத்த கடலை எண்ணெயில் சில மாதங்களில் காறல் வாடை வருகிறதே, அதற்குக் காரணம் இந்தச் சங்கிலிதான். ஆன்டிஆக்ஸிடன்ட் நடுவில் வந்து, கேட்பதைத் தானே கொடுத்துவிடும். கொடுத்த பிறகும் அது மற்றவற்றைப் போல அலைவதில்லை. சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

கொடுத்த பிறகும் அது எப்படிக் கலங்காமல் இருக்கிறது? விடை அதன் உருவத்தில் இருக்கிறது. தாவர ஆன்டிஆக்ஸிடன்ட்களில் பெரிய குடும்பம் பாலிஃபீனால்கள். ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட வளையம், அதன் ஓரத்தில் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கை. அந்தக் கை தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டால், மிஞ்சும் ஒற்றை எலக்ட்ரானை வளையம் முழுவதும் பகிர்ந்து தாங்கிக்கொள்ளும். முருங்கை இலையில் உள்ள குவெர்செட்டினுக்கு இப்படி ஐந்து கைகள் உண்டு. குளோரோஜெனிக் அமிலமும் முருங்கையில் இருக்கிறது. காப்பிக் கொட்டையில் நிறைய இருப்பதும் இதுதான்.

இலையைப் பொடியாக்கும் வரை

இந்தப் பொருள்கள் பெரும்பாலும் செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழ்களில் அடைந்து கிடக்கின்றன. கொஞ்சம் செல்சுவரோடு ஒட்டியிருக்கும். சுவர் செல்லுலோஸால் ஆனது, லேசில் வழிவிடாது. அதனால்தான் உலர்த்துவதும் இடிப்பதும்.

உலர்த்தும்போதே பாதி வெற்றியோ பாதி இழப்போ முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம். வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப்போகிறதல்லவா? நறுக்கியதும் ஒரு நொதி வெளிப்பட்டு, காற்றிலுள்ள ஆக்ஸிஜனைச் சேர்த்து பாலிஃபீனால்களைக் கறுப்பாக்குகிறது. ஈரம் இருக்கும்வரை அந்த நொதி வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால் இலை கசங்காமல், சீக்கிரம் உலர வேண்டும். வெயிலில் போட்டால் சீக்கிரம் உலரும்தான். ஆனால் வெயில் பச்சையத்தையும் கரோட்டினையும் வெளுக்கச் செய்யும், வைட்டமின் சி-யும் போகும். நிழலில், காற்றோட்டமாக, மெல்லிய அடுக்காகப் பரப்பி உலர்த்துங்கள். ஆய்வகத்தில் உலர்த்தும் அடுப்பு இருந்தால் 40 டிகிரி அளவு போதும். இலையை விரலால் தேய்த்தால் சத்தத்தோடு நொறுங்க வேண்டும். நெளிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பச்சை முருங்கை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், ஒரு கிலோ உலர்ந்தால் சுமார் 200 முதல் 250 கிராம்தான் நிற்கும். கணக்குப் போட்டுப் பறியுங்கள்.

மிக்ஸியில் அரைக்கும்போது விட்டுவிட்டு ஓட்டுங்கள், ஜாடி சூடாகக்கூடாது. அப்புறம் சல்லடையில் சலிக்க வேண்டும். 40 மெஷ் சல்லடை என்றால் ஓர் அங்குலத்துக்கு 40 கண்கள், ஒரு கண் சுமார் 0.4 மில்லிமீட்டர். பொடி நைஸாக இருந்தால் திரவம் உள்ளே போக வேண்டிய தூரம் குறையும், சீக்கிரம் இறங்கும். ஆனால் மாவு மாதிரி ஆக்கிவிட்டால் திரவம் பட்டதும் கூழாகி வடிதாளை அடைத்துவிடும். சலிப்பதால் கிடைக்கும் பெரிய லாபம் வேறு: எல்லாப் பொடியும் ஒரே அளவில் இருந்தால்தான் இன்று செய்ததையும் அடுத்த வாரம் செய்வதையும் ஒப்பிட முடியும்.

எந்தத் திரவம்?

தண்ணீர் மூலக்கூறின் ஒரு முனையில் லேசான நேர்மின்னூட்டம், மறு முனையில் லேசான எதிர்மின்னூட்டம். இதை முனைவுத்தன்மை என்பார்கள். எண்ணெய்க்கும், பெட்ரோலியத்திலிருந்து வரும் ஹெக்சேனுக்கும் இது கிட்டத்தட்டக் கிடையாது. முனைவு உள்ள பொருள் முனைவு உள்ள திரவத்தில் கரையும், இல்லாதது இல்லாததில். பச்சையமும் கரோட்டினும் எண்ணெய்ப் பக்கம் போவது இதனால்தான். ஆல்கஹால்கள் நடுவில் நிற்கின்றன. எத்தனாலின் ஒரு பக்கம் தண்ணீரைப் போல, மறுபக்கம் எண்ணெயைப் போல நடந்துகொள்ளும்.

குவெர்செட்டினைத் தனியாக எடுத்தால் தண்ணீரில் மிகக் குறைவாகத்தான் கரையும், ஆல்கஹாலில் கரையும். ஆனால் இலைக்குள் அது பெரும்பாலும் சர்க்கரையோடு பிணைந்த நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் தண்ணீருக்கும் ஓரளவு இணங்கும். அதனால் வெறும் தண்ணீரையும் வெறும் ஆல்கஹாலையும் விட, இரண்டும் கலந்த திரவம்தான் பெரும்பாலும் அதிக பாலிஃபீனாலை வெளியே கொண்டுவருகிறது. உலர்ந்த செல்சுவரைத் தண்ணீர் ஊறவைத்து உப்பச் செய்து வழி திறக்கும். ஆல்கஹால் உள்ளே போய், புரதத்தோடும் சுவரோடும் ஒட்டிக் கிடப்பதைப் பிரித்துக் கரைத்துக்கொள்ளும். தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது 70 சதவீத எத்தனால். 70 மில்லி எத்தனாலையும் 30 மில்லி தண்ணீரையும் சேர்த்தால் 100 வராது, மூன்று மில்லி அளவு குறைந்து நிற்கும். சிந்திவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். இரண்டின் மூலக்கூறுகளும் நெருக்கமாகப் பொருந்திக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

கல்லூரிகளில் மெத்தனால்தான் அதிகம் புழங்குகிறது. நன்றாகக் கரைக்கும், 65 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். ஆனால் அது விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்த கள்ளச்சாராயத்தில் கலந்திருந்தது இதுதான். உடலுக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். மெத்தனாலில் எடுத்ததை ஆய்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வற்றவைத்தாலும் அதை யாரும் வாயில் வைக்கக் கூடாது. மூலிகைதானே என்று மாணவர்கள் நாக்கில் தொட்டுப் பார்ப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஊறவைத்தல், வடித்தல்

எளிய வழி ஊறவைப்பதுதான். 10 கிராம் பொடி, 100 மில்லி 70 சதவீத எத்தனால். கூம்புக் குடுவையில் போட்டு, வாயை மூடி, குடுவையைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றுங்கள், வெளிச்சம் படக்கூடாது. அறை வெப்பத்தில் 24 மணி நேரம். குலுக்கும் கருவி இருந்தால் அதில் வையுங்கள், இல்லையென்றால் அவ்வப்போது கையால் குலுக்குங்கள். அசையாமல் இருந்தால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செறிவான ஒரு படலம் நின்றுவிடும், உள்ளே இருப்பது வெளியே வரத் தயங்கும்.

மறுநாள் துணியில் வடித்து, பிறகு வடிதாளில் வடியுங்கள். சக்கையைத் தூக்கி எறிய வேண்டாம். அதன்மேல் புதிதாக 100 மில்லி ஊற்றி இன்னொரு முறை ஊறவையுங்கள். ஏன் முதலிலேயே 200 மில்லி ஊற்றக்கூடாது என்று எல்லோரும் கேட்பார்கள். தேங்காய்ப்பால் எடுப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முதல் பால், இரண்டாம் பால் என்று ஏன் பிரித்துப் பிழிகிறார்கள்?

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். வடித்த பிறகு சக்கை 30 மில்லி திரவத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். கரைய வேண்டியது எல்லாம் கரைந்துவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரே முறையில் 200 மில்லி ஊற்றினால் 170 மில்லி கைக்கு வரும், அதாவது சரக்கில் 85 சதவீதம். இரண்டு தடவையாக 100 மில்லி ஊற்றினால், முதல் முறை 70 மில்லி வரும், 70 சதவீதம். மீதி 30 சதவீதம் சக்கையில் தங்கிய 30 மில்லியில் இருக்கிறது. அதோடு 100 சேர்ந்தால் 130 மில்லி. அதில் 100 மில்லி வெளியே வரும்போது அந்த 30 சதவீதத்தில் 23 வந்துவிடும். மொத்தம் 93. செலவான திரவம் அதே 200 மில்லிதான்.

வேறு வழிகளும் உண்டு. சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவியில் திரவம் கொதித்து, குளிர்ந்து, பொடியின் மேல் சொட்டி, நிரம்பியதும் தானாகக் கீழே இறங்கி மீண்டும் கொதிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பொடிக்குப் புதுத் திரவம் கிடைக்கும். ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1879-ல் பாலிலுள்ள கொழுப்பை அளப்பதற்காகக் கொண்டுவந்த கருவி இது. கொழுப்புக்கு அருமையானது. ஆனால் இறங்கிய சரக்கு மணிக்கணக்காகக் கீழ்க் குடுவையில் கொதித்துக்கொண்டே இருக்கும் என்பதால், சூடு தாங்காத ஆன்டிஆக்ஸிடன்ட்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. மீயொலித் தொட்டி இருந்தால் நல்லது. ஒலி அலைகள் திரவத்தில் நுண்ணிய குமிழ்களை உண்டாக்கி உடைக்கும், அந்த அதிர்ச்சியில் செல்சுவர் கிழியும். ஒரு நாள் வேலை அரை மணி நேரத்தில் முடியும். இடையிடையே ஐஸ் போட்டுத் தொட்டி சூடாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வடித்த கரைசலை வற்றவைக்கும் இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். படித்த காலத்தில் நானும் அவசரப்பட்டேன். மறுநாள் ஒப்படைக்க வேண்டியிருந்ததால், கொதிக்கும் நீர்த்தொட்டியின் மேல் பீங்கான் கிண்ணத்தை வைத்து ஒரே மூச்சில் வற்றவைத்தேன். அடியில் கருமையாக ஒட்டிக்கொண்டது, வெல்லப்பாகு வாசனை வந்தது. அதை அளந்தபோது, அதே கரைசலைக் குறைந்த சூட்டில் வற்றவைத்த தோழியின் முடிவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மூன்று நாள் பார்த்த வேலை கடைசி இரண்டு மணி நேரத்தில் போயிற்று. சுழல் ஆவியாக்கி என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. குடுவைக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டால் ஆல்கஹால் 40 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். தண்ணீர்தான் கடைசிவரை நிற்கும், பொறுமையாக இருங்கள். கருவி இல்லாத இடங்களில், அகலமான கிண்ணத்தில் மெல்லிய அடுக்காக ஊற்றி, புகைபோக்கி அறைக்குள் தணலோ தீயோ இல்லாத இடத்தில் காற்றில் வற்றவிடலாம். எத்தனால் ஆவி தீப்பிடிக்கக்கூடியது.

கிண்ணத்தின் எடையை முதலிலேயே குறித்திருப்பீர்கள். வற்றிய பின் மறுபடி நிறுத்துப் பாருங்கள். வித்தியாசம் 1.86 கிராம் என்றால், 10 கிராம் பொடிக்கு விளைச்சல் 18.6 சதவீதம். இந்த எண் பெரிதாக இருந்தால் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம் என்று எழுதிவிடாதீர்கள். அதில் சர்க்கரை, உப்பு, பச்சையம் எல்லாம் சேர்ந்திருக்கிறது.

இருக்கிறதா என்று பார்ப்பது

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில், காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தான பீட்டாடினை இரண்டு சொட்டு விடுங்கள், வெளிர் பழுப்பாகும். ஒரு ஸ்பூன் கஞ்சித் தண்ணீர் சேர்த்தால் கருநீலமாக மாறும். இப்போது நெல்லிக்காயைத் துருவிப் பிழிந்த சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். கருநீலம் வெளுத்து மறைந்துவிடும். அயோடினுக்கு எலக்ட்ரான் கிடைத்துவிட்டது, கொடுத்ததில் பெரும்பங்கு நெல்லியின் வைட்டமின் சி. பார்த்து முடித்ததும் கீழே கொட்டிவிடுங்கள், குடிக்கக் கூடாது.

ஆய்வகத்தில் இதே வேலையை டிபிபிஹெச் என்ற ஊதாப் பொருள் செய்கிறது. அதுவே ஒரு ஃப்ரீ ராடிக்கல், ஆனால் மற்றவற்றைப் போலத் துடிக்காமல் பாட்டிலில் அடங்கி இருக்கும். 1958-ல் மார்ஸ்டன் பிளாய்ஸ் என்பவர் இதை ஆன்டிஆக்ஸிடன்ட் அளக்கப் பயன்படுத்திக் காட்டினார், இன்றும் உலகெங்கும் இதைத்தான் செய்கிறார்கள். 100 மில்லி மெத்தனாலில் 3.9 மில்லிகிராம் மட்டும் கரைத்தாலே நல்ல கத்தரிப்பூ நிறம் வரும். அதில் உங்கள் கரைசலைச் சேர்த்து இருட்டில் 30 நிமிடம் வைத்தால் ஊதா வடிந்து மஞ்சளாகும். முதல் தடவை அந்த நிறம் இறங்குவதைப் பார்க்கும் மாணவர்களின் முகம் எனக்கு எப்போதும் பிடிக்கும். ஊதா எவ்வளவு குறைந்தது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளக்கிறோம். அந்த ஒளியை உறிஞ்சும் அளவு, கரைசல் சேர்க்காததில் 0.800, சேர்த்ததில் 0.320 என்றால், 60 சதவீதம் அடங்கிவிட்டது.

பல செறிவுகளில் இப்படி அளந்து, பாதி ஊதாவை அடக்க எவ்வளவு தேவை என்று கண்டுபிடிப்பார்கள். அதுதான் ஐசி50. இந்த எண் சிறிதாக இருந்தால்தான் ஆற்றல் அதிகம், ஏனென்றால் கொஞ்சத்திலேயே வேலை முடிந்திருக்கிறது. தலைகீழாகப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட புராஜெக்ட்டுகளை நிறையத் திருத்தியிருக்கிறேன். உங்கள் கரைசலே பச்சையாக இருந்தால் அதன் நிறமும் அளவோடு சேர்ந்துகொள்ளும். டிபிபிஹெச் இல்லாமல் அதை மட்டும் தனியாக அளந்து கழித்துவிடுங்கள். ஒப்பிட ஒரு வைட்டமின் சி கரைசலும் பக்கத்தில் வேண்டும்.

மொத்த பாலிஃபீனாலை அளக்க ஃபோலின் சியோகால்ட்டு என்ற மஞ்சள் கரைசல் இருக்கிறது, நீலமாக மாறும். விடையை, ஒப்பிட எடுத்துக்கொள்ளும் எளிய ஃபீனாலான கேலிக் அமிலத்தில் இத்தனை மில்லிகிராமுக்குச் சமம் என்று சொல்வார்கள். அது வைட்டமின் சி-யையும் சில சர்க்கரைகளையும்கூட பாலிஃபீனால் கணக்கில் சேர்த்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, எண் நன்றாக வந்துவிட்டது. இந்தப் பொடியைச் சாப்பிட்டால் நோய் வராது என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது. சோதனைக் குழாய் வேறு, உடல் வேறு. குவெர்செட்டின் குடலிலும் கல்லீரலிலும் வேறு உருவங்களாக மாறித்தான் ரத்தத்துக்குப் போகிறது, அதுவும் கொஞ்சமாக. உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்புகளைப் பட்டியல் போட்டு வைத்திருந்த அமெரிக்க வேளாண்மைத் துறை, 2012-ல் அந்தப் பட்டியலைத் தன் இணையதளத்திலிருந்தே எடுத்துவிட்டது. உடலில் என்ன நடக்கும் என்பதற்கு அந்த எண்கள் ஆதாரம் இல்லை, வியாபாரிகளோ அவற்றை விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் காரணம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வில், அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 1994-ல் வெளிவந்த முடிவில், அதைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் இருக்கும் அதே பொருள்தான். முருங்கைக்கீரையைப் பொரியலாகச் சாப்பிடுங்கள், அது நல்ல உணவு. பொடி பாக்கெட்டின் மேல் அச்சடித்த ஆன்டிஆக்ஸிடன்ட் எண்ணை மட்டும் நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

எண்ணெய் காறாமல் காப்பது போன்ற வேலைகளில் இந்தச் சாறுகளுக்கு நேரடியான பயன் இருக்கிறது. ரோஸ்மேரி இலையிலிருந்து எடுத்த சாற்றை ஐரோப்பாவில் உணவுப் பொருள்களில் இ392 என்ற எண்ணோடு சேர்க்கிறார்கள். அங்கே தடுக்க வேண்டிய சங்கிலி எண்ணெய்க்குள்ளேயே நடக்கிறது, குடலும் கல்லீரலும் நடுவில் இல்லை.

வற்றவைத்த சாற்றைப் பழுப்பு நிறப் பாட்டிலில் போட்டு, இறுக மூடி, குளிர்பெட்டியில் வையுங்கள். பாட்டிலின் மேல் ‘முருங்கை சாறு’ என்று மட்டும் எழுதினால் அடுத்த மாதம் உங்களுக்கே அது என்னவென்று தெரியாது. நான் ஒட்டும் சீட்டு இப்படி இருக்கும்: முருங்கை, முற்றிய இலை, நிழலில் உலர்த்தியது, 40 மெஷ், 70 சதவீத எத்தனால், 10 கிராமுக்கு 100 மில்லி, இரண்டு முறை, 24 மணி நேரம், அறை வெப்பம், இருட்டு, 40 டிகிரியில் வற்றவைத்தது, விளைச்சல் 18.6 சதவீதம், தேதி. சீட்டு சின்னதாக இருந்தால் பெரிதாக ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள்.